குக்கருக்கு விசில், லாரிக்கு?

லாரி நிற்கும்போது ‘புஸ்’ஸென்று பெருமூச்சு விடுகிறதே, கேட்டிருப்பீர்கள். அதன் பிரேக்கை இயக்குவது காற்றுதான்! எஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்பி வைக்கிறது. டிரைவர் பெடலை மிதித்ததும் அந்தக் காற்று பாய்ந்து பிரேக்கை அழுத்துகிறது.

சரி, எங்கேயோ ஒரு குழாய் கசிந்து காற்றுக் குறைந்துவிட்டால்? மிதித்தாலும் வண்டிக்குப் பிடிப்பு இராது. அதனால்தான் ஓர் எச்சரிக்கைச் சாதனம். நம் வீட்டுக் குக்கர் அழுத்தம் ஏறினால் கூவுகிறது. லாரியோ இறங்கினால் கூவும்.

அமெரிக்காவில் இது சட்டம். சதுர அங்குலத்துக்கு 100 ராத்தலுக்கு மேல் இருக்க வேண்டிய அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கினால், டிரைவர் கண்ணில் படும்படி விளக்கு எரிய வேண்டும். பல லாரிகளில் பஸ்ஸரும் அலறும். சில பழைய லாரிகளில் ‘விக்-வாக்’ என்று ஒரு கை, டிரைவரின் கண்ணெதிரே தொப்பென்று விழும்!

அதையும் சட்டை செய்யாமல் ஓட்டினால்? 45-க்கும் 20-க்கும் இடையில் ஸ்பிரிங் பிரேக் தானாகவே சக்கரங்களைப் பிடித்துவிடும், நடுச்சாலையானாலும் சரி. அதற்குள் ஓரமாய் நிறுத்த அவகாசம் தருவதே இந்த எச்சரிக்கை.

ஆகவே அங்கே லைசென்ஸ் கேட்பவர் ஒரு பரீட்சை செய்து காட்ட வேண்டும்: எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால்தான் பிரயாணம்.

காற்று இறங்கியும் சத்தம் போடாத லாரி சமர்த்து லாரி அல்ல, ஊமை லாரி!