தெரபிக்குப் போகச் சொல்லும் நண்பர்களுக்கு

விடுதி அறையில் ஒருவர் கேட்கிறார்: "உன் கட்ஆஃப் எவ்வளவு?" அவர் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, சாதியை என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவருக்கு அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் அவர் கோபப்பட்டால் நண்பர்கள் சொல்வது: "நீ எல்லாத்தையும் பர்சனலா எடுத்துக்கிற. ஒரு தெரபிஸ்ட்டைப் பாரேன்."

தெரபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் போனவருக்கும், சாக வேண்டும் என்று தோன்றுபவருக்கும் உதவி தேவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாரிடம் போகப் பணமில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, அழைப்பு இலவசம். மனநலச் சேவையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனாலும் "இப்போ யாருங்க சாதி பாக்குறா?" என்று கேட்கும் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தால், இருக்கும் காயத்தோடு இன்னொன்றும் சேரும்.

டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டிலும்கூடத் தாங்கள் ஒதுக்கப்படுவதாக மாணவர்கள் அதில் சொன்னார்கள். மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பாயல் தட்வி 2019இல் இறந்தபோது, சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். இரண்டிலும் சொல்லப்படுவது ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக வேலை பார்க்கும் மனிதர்களைப் பற்றி.

காயம் உறவில் ஏற்படுகிறது. ஆனால் சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர் காயம்பட்டவர் மட்டுமே. கேள்வி கேட்டவரும் சிரித்தவர்களும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் பேசித் தேறி வருபவர், மிச்ச நேரமெல்லாம் அதே அறையில்தான் இருக்க வேண்டும். அந்த அறையை மாற்றுவது ஆலோசகரின் வேலையல்ல, உடன் இருப்பவர்களின் வேலை.

அதனால், தோழர்களே, நண்பரைத் தெரபிக்கு அனுப்பும் முன் "அவன்கிட்ட மட்டும் ஏன் கட்ஆஃப் கேக்குற?" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். நண்பர் ஆலோசகரைப் பார்க்க விரும்பினால் கூடப் போங்கள். நீங்களே தெரபிக்குப் போகிறவர் என்றால், வீட்டில் கற்றுக்கொண்ட சாதியையும் அங்கே பேசுங்கள். அதைப் பற்றி இதுவரை உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.