கரையோடு நின்றுவிடும் பேருந்து

சென்னைப் பெருநகரின் போக்குவரத்தைப் பற்றி நாள்தோறும் பேசுகிறோம். மெட்ரோ ரயிலின் அடுத்த வழித்தடம், மின்சாரப் பேருந்து, ஒரே பயணச்சீட்டு என விவாதம் நீள்கிறது. அதே சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்தால், அந்த விவாதத்தில் விடுபட்டுப்போன கேள்வி ஒன்று எழுகிறது. சாலை முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் அரசின் பொறுப்பும் முடிந்துவிடுகிறதா என்பதே அது.

பழவேற்காட்டையும் பசியாவரத்தையும் இணைக்கும் பாலத்தின் பணிகள் தொடங்குவதற்கு முன்பு ஒருமுறை அங்கு சென்றிருந்தேன். புறநகர் மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு, பிறகு படகு. ரயிலுக்கும் பேருந்துக்கும் பயணச்சீட்டு இருந்தது. படகில் கால அட்டவணையோ, கட்டணப் பலகையோ, எத்தனை பேர் ஏறலாம் என்ற அறிவிப்போ இல்லை. ஆள் சேர்ந்ததும் புறப்பட்டது. மீன் கூடைகள், அரிசி மூட்டை, எரிவாயு உருளை, புத்தகப் பையை மடியில் வைத்திருந்த மாணவர்கள் அனைவருக்கும் அதுவே வாகனம். பசியாவரம் கூப்பிடு தூரம்தான். ஆனால், இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்தக் கூப்பிடு தூரம் எவ்வளவு நீளமாகிவிடும் என்பதை அங்குள்ளவர்களே அறிவார்கள்.

தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். உழைக்கும் பெண்களின் கையில் மாதந்தோறும் கணிசமான தொகையை மிச்சப்படுத்தும் நல்ல திட்டம் இது. ஆனால், இத்திட்டம் சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. படகில் கரையேறும் மீன் விற்கும் பெண்ணுக்குச் சலுகை துறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பயணத்துக்கு அவர் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மிகக் குறைந்த தூரத்துக்குக் கட்டணம், நீண்ட தூரத்துக்கு இலவசம் என்ற இந்த முரண் எந்தத் துறையின் கோப்பிலும் இடம்பெறுவதில்லை. ஏனெனில், படகு 'போக்குவரத்து' என்ற கணக்கிலேயே வருவதில்லை.

கணக்கில் வராதவற்றுக்குப் பாதுகாப்பும் இருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. உல்லாசப் பயணத்துக்குத் தடை விதித்துவிடலாம். பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் தண்ணீரைக் கடந்து செல்பவர்களுக்கு எப்படித் தடை விதிப்பது? பேருந்துக்கு வழித்தட உரிமம், தகுதிச் சான்று, நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் ஆகியவை உண்டு. மீன்பிடிப் படகோ மீன் பிடிப்பதற்காகப் பதிவு செய்யப்படுவது. அதே படகு ஆட்களை ஏற்றும்போது, அதன் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பது தெளிவின்றிப் போகிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்நாட்டுக் கலன்கள் சட்டம், பதிவு, உயிர்காப்புக் கருவிகள் போன்றவற்றுக்கு வழிவகுத்துள்ளது. சட்டம் இருக்கிறது, அது சிறு துறைகள் வரை வந்து சேர வேண்டும்.

இது இயலாத காரியமன்று. அண்டை மாநிலமான கேரளத்தில் நீர்வழிப் போக்குவரத்துக்கென்றே 1968 முதல் தனி அரசுத் துறை இயங்குகிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் செல்லக்கூடிய சூரிய ஆற்றல் படகை அத்துறை 2017-இல் இயக்கத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி நீர்வழி மெட்ரோ, தீவுகளில் வாழ்பவர்களும் நகரவாசிகளே என்ற கொள்கையின்மேல் எழுந்தது. நமக்கும் நீர்வழி புதிதன்று. இதே பழவேற்காடு ஏரி வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் நெல்லும் விறகும் உப்பும் சென்னைக்கு வந்தன.

பாலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதிடலாம். பசியாவரம் மக்களின் நெடுநாள் கோரிக்கை பாலம்தான். அதன் பயனை யாரும் மறுக்க இயலாது. ஆனால், பாலம் என்பது பாதை மட்டுமே; அது பேருந்து ஆகிவிடாது. பாலத்தின் மேல் சிற்றுந்து ஓடவில்லையென்றால், இருசக்கர வாகனம் உள்ளவர் விரைவார். கூடை சுமக்கும் பெண்ணும் முதியவரும் படகுக்குக் கொடுத்ததை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பார்கள். பேருந்து வந்தாலும் கூடைக்கு அதில் இடம் உண்டா என்பது அடுத்த கேள்வி. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதும், முதல்வரே அதைக் கண்டித்ததும் நினைவிருக்கும். மேலும், ஏரியின் எல்லா ஊர்களுக்கும் பாலம் கட்டிவிட முடியாது. ஆந்திர எல்லைக்குள் உள்ள இருக்கம் தீவு போன்ற ஊர்கள் படகையே நம்பியிருக்கின்றன.

செலவுக்கேற்ற வருவாய் கிடைக்காது என்பது அடுத்த வாதம். மலைக் கிராமத்துக்குச் செல்லும் பேருந்தும் லாபத்தில் ஓடுவதில்லை. அதை நிறுத்திவிட வேண்டும் என்று யாரும் கூறுவதில்லை. மலைக்குப் பொருந்தும் நியாயம் ஏரிக்கும் பொருந்த வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரியவையல்ல. ஆட்களை ஏற்றும் படகுகளைத் தனியே பதிவு செய்து, ஏற்றக்கூடிய எண்ணிக்கையைப் படகிலேயே எழுத வேண்டும். உயிர்காப்பு உடைகளை அரசே வழங்கலாம். படகோட்டும் மீனவர்களின் பிழைப்பைப் பறிக்காமல், அவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே கட்டணத்தை அரசு ஈடுசெய்து, மகளிர்க்கும் மாணவர்க்கும் துறையிலும் இலவசப் பயணத்தை உறுதிப்படுத்தலாம். பாலம் உள்ள இடத்தில், மீன் கூடைக்கு இடமுள்ள சிற்றுந்து, சந்தை நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் ஓட வேண்டும்.

சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு பெறும் வசதி 2025 செப்டம்பரில் அறிமுகமானது. வரவேற்கத்தக்க முன்னேற்றம். அந்தச் சீட்டு எங்கே முடிகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். நகரின் மீன் சந்தைக்கு இறால் அனுப்பும் பெண், தன் வீட்டு வாசலிலிருந்து அந்தச் சந்தை வரை அச்சமின்றி வந்து திரும்பும் நாளில்தான் பொதுப் போக்குவரத்து என்ற சொல்லில் உள்ள 'பொது' பொருள் பெறும்.