நேரடியும் இணையவழியும்

‘ஆஃப்லைன்’ என்னும் சொல் இணைப்பற்ற நிலையைக் குறிக்கிறது. இல்லாமையால் பெயர் பெற்ற சொல் அது. வகுப்பு, தேர்வு முதலியவற்றில் அதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் சொல் ‘நேரடி’. இஃது இன்மையைச் சுட்டவில்லை. ஒருவர் முன் ஒருவர் இருத்தலைச் சுட்டுகிறது.

இவ்வேறுபாட்டை மதுரைத் தல்லாகுளம் உணர்த்தும். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து வரும் கள்ளழகரை மக்கள் எதிர்சென்று வரவேற்பது ‘எதிர்சேவை’ எனப்படும். தல்லாகுளம் பெருமாள் கோவிலில் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு அவர் வைகைக்குப் புறப்படுவார். கொரோனாப் பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அழகர் மதுரைக்கு வரவில்லை. 2020 மே 4 அன்று நடைபெற்ற மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் இணையவழி நேரலையில் கண்டனர்.

நேரலையின் நன்மையை மறுத்தல் ஆகாது. முதியோரும் நோயுற்றோரும் கடல் கடந்து வாழ்வோரும் இருந்த இடத்திலிருந்தே மணக்கோலம் கண்டனர். ஆயினும் காண்பது வேறு; எதிர்கொள்வது வேறு. நீர்மோர் வழங்கும் கையும் அதனைப் பெறும் கையும் திரையில் சந்திப்பதில்லை. அழகர் மீண்டும் வைகையில் இறங்கிய 2022-இல் மதுரையில் மக்கள் வெள்ளமெனத் திரண்டமை இதற்குச் சான்று.

கல்விக்கும் இது பொருந்தும். பாடத்தை இணையவழியில் கேட்கலாம். மாணவர் வாய்திறந்து கேளாத ஐயத்தை அவர் முகத்தில் கண்டறிய ஆசிரியர் எதிரே இருத்தல் வேண்டும். இணையவழி, தொலைவைக் கடக்க உதவும் துணை. நேரடி, உறவு வளரும் நிலம். துணை இருப்பதால் நிலத்தைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது.