'லியோன் எங்கே?'

2025 ஜூன் 7, அதிகாலை 2.30 மணி. சம்மர் கேம் ஃபெஸ்ட் நேரலைக்காக நம்மூர் கேம் ரசிகர்களும் கண் விழித்தார்கள். 1996-ல் தொடங்கிய 'ரெசிடென்ட் ஈவில்' ஜோம்பி கேம் வரிசையில் அடுத்து என்ன? நடுவில் தோன்றிய கேப்காமின் ஜுன் டகேயுச்சி, 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள்' என்கிற ரீதியில் பேசிவிட்டுப் போனார். அதை நம்பித் தூங்கப் போயிருந்தால் பாவம்தான். கடைசி டிரெய்லரே 'ரெசிடென்ட் ஈவில் ரெக்வியம்'!

நாயகி கிரேஸ், 2003-ல் வந்த 'அவுட்பிரேக்' கேமின் நிருபர் அலிசாவின் மகள். பழைய ரசிகர்கள் சிலிர்த்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரே கேள்வி: 'ஹீரோ லியோன் எங்கே?' அசராத லியோன் திகிலுக்குச் சரிப்பட மாட்டார் என்று காரணம் சொன்னார், இயக்குநர் கோஷி நகானிஷி. அதுவும் நியாயம்தான், லைட்டர் வெளிச்சத்தில் நடுங்கும் கிரேஸைப் பார்த்தாலே நமக்கும் உதறுகிறது. ஆனால், டிசம்பர் டிரெய்லரில் வந்து நின்றதோ, சாட்சாத் லியோனேதான்!