உள்ளே இருப்பது எவ்வகை மூட்டு?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வரும் குடும்பத்தினர் எங்களிடம் பெரும்பாலும் இரண்டையே கேட்கின்றனர். செலவு எவ்வளவு, எத்தனை ஆண்டு உழைக்கும்? பொருத்தப்படுவது எவ்வகை மூட்டு என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

செயற்கை மூட்டின் இரு உலோகப் பகுதிகளுக்கு இடையே பாலிஎத்திலீன் தட்டு ஒன்று இருக்கும். சில மூட்டுகளில் அது கீழ் உலோகத்துடன் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் சுழலவோ நகரவோ செய்யும். இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெல்லோவும் பொறியாளர் ஜான் ஓ'கானரும் உருவாக்கி, 1976இல் பயன்பாட்டிற்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு மூட்டு, நகரும் வகையின் முன்னோடிகளுள் ஒன்று. தட்டின் தேய்மானத்தைக் குறைப்பதே நோக்கம். ஆயினும் முழு மூட்டு மாற்றில் இரு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள், வலியிலோ நடமாட்டத்திலோ பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. நகரும் மூட்டு கிடைக்கவில்லையே என வருந்துவது வீண்.

நகரும் தட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. அரிதாக, அது தன் இடத்தை விட்டு விலகிவிடும். மூட்டைத் தாங்கும் தசைநார்களின் இறுக்கம் சமமாக இல்லாவிடில் இதற்கு வாய்ப்பு கூடும். தரையில் அமர்வதும் குந்துவதும் வழக்கமான ஆசிய நாடுகளில், மூட்டின் ஒரு பாதியை மட்டும் மாற்றிக்கொண்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆகவே சம்மணமிடலாமா, எவ்வளவு மடக்கலாம் என்பதை அக்கம்பக்கத்தாரிடமன்றி அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள்.

நன்கு நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென மூட்டில் ஏதோ நழுவியது போன்ற உணர்வு, கடும் வலி, வீக்கம். கால் நீளவோ மடங்கவோ மறுக்கும். எண்ணெய் தடவி நீவிவிடும் ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அன்றே எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெரும்பாலும் மறு அறுவை தேவைப்படும்.

அப்போது பார்க்கும் மருத்துவர் வேறு ஊரினராக இருக்கலாம். பிளாஸ்டிக் தட்டு எக்ஸ்ரேயில் உலோகம்போல் தெளிவாகத் தெரியாது. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, என்ன அளவு என்பது தெரிந்தால்தான் பொருந்தும் மாற்றுத் தட்டை அவர் தருவிக்க இயலும். இவ்விவரங்கள் மூட்டுப் பெட்டியுடன் வரும் ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அதை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டிவிட்டு அமைதியாவது போதாது. கேட்காமலே குடும்பத்தினர் கையிலும் ஒன்று தரப்பட வேண்டும். தரப்படவில்லையெனில், வீடு திரும்புமுன் தயங்காது கேட்டுப் பெறுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ரேஷன் அட்டை வைக்கும் இடத்திலேயே அச்சீட்டையும் வைத்துவிடுங்கள்.