பழைய வண்டி வாங்கும் தோழர்க்கு

மயூர் விஹாரில் நம் மாணவர் தங்கும் அறைகளில் ஓயாத பேச்சு ஒன்று உண்டு. கையிலுள்ள சிறு தொகைக்கு வேகமான பழைய மோட்டார் சைக்கிள் எது?

ஊரில் அண்ணன்மார் ஓட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 100தான் பலர்க்கும் கனவு. வண்டியைக் குறை சொல்லேன். 98 சி.சி.தான், எடையோ நூறு கிலோவை ஒட்டியது. ஆகவே சிட்டாய்ப் பறக்கும். ஆனால் அதன் உற்பத்தி 1996இல் நின்றது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்குத் தில்லியில் இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் காட்டிய சலுகையையும் டிசம்பரிலேயே பி.எஸ். 4, அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு மட்டும் எனச் சுருக்கிவிட்டது. தந்தையார் அனுப்பிய பணம் பறிமுதல் கொட்டடியில் துருப்பிடிக்க வேண்டுமா, தோழர்களே?

2017 ஏப்ரலுக்குப் பிந்திய 150 சி.சி. வண்டியே நமக்குப் போதும் என்பேன். சி.சி.யைக் கூட்டுவதைவிட, தொகையில் கால் பங்கை டயருக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பரீட்சைக்குப் படித்த கணக்குத்தானே! அக்காலத்து ராஜ்தூத் 350க்குப் பாயத் தெரிந்த அளவு நிற்கத் தெரியாது. டிரம் பிரேக்!

பதிவுச் சான்றில் வங்கிக் கடன் இருக்கிறதா எனப் பாருங்கள். ‘ஒரே கை ஓட்டியது’ என்று தரகர் சத்தியம் செய்வார், கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவே. கிளப்புமுன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.