தூரம் பார்க்கிற கருவி வாங்கப்போகும் வட்டைக்காரருக்கு



கொஞ்ச நாளாக வயலுக்குக் காவல் போகிற நம்மூர்ப் பொடியன்மார் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், வேட்டைக்குப் பாவிக்கிற லேசர் ரேஞ்ச்பைண்டர் ஒண்டு எடுக்கப்போறன், எது நல்லம் சொல்லுங்களன்." கூடவே ஒரு விளம்பரப் படம். பனி மூடிய மலை, கிளை கிளையாய்க் கொம்பு வைத்த பெரிய மான், குழல் மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் வெள்ளைக்காரர், கீழே கொட்டை எழுத்தில் "1000 யார்". தனித்தனியே பதில் எழுதிக் கை வலிக்கிறது. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் முடிவு. பன்றிக் காவலுக்கு என்றால் தனியாள் ஒருவர் காசு கொடுத்து இதை வாங்கத் தேவையில்லை. யானைக்காக வட்டைக்கு ஒன்று என்றால் யோசிக்கலாம். மானுக்கு என்றால் என்னிடம் கேட்கவே வேண்டாம்.

மான் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. சுட்டாலும் குற்றம், இறைச்சியை விற்றாலும் குற்றம். "அறுத்துச் சாப்பிட்டால் ஹலால்தானே சேர்" என்று கேட்கிற தம்பிமாருக்கு: மார்க்கத்தில் மான் இறைச்சி ஹலால் என்பது சரி. அதற்காக, இரவில் ஒளித்துக் கொண்டுவந்து, பொலிஸுக்குப் பயந்து விற்கிற வியாபாரத்துக்கு மார்க்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்த துவக்கு அனுமதிப்பத்திரம் வேட்டைக்கான பத்திரமும் அல்ல.

பன்றி வேறு விசயம். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு அல்ல. அதன் இறைச்சியும் நமக்குத் தேவையில்லை, வயல் மிஞ்சினால் போதும். கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால், தின்கிறதைவிட உழக்கிப் போடுகிறதுதான் அதிகம். உன்னிச்சைப் பக்கமோ வாகனேரிப் பக்கமோ ஒரு பெரும்போகம் காவல் இருந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இந்தக் கருவி என்ன செய்கிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஒளி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு லேசர்த் துடிப்பைக் கருவி அனுப்புகிறது. 100 மீற்றரில் நிற்கிற மாட்டில் பட்டு அது திரும்பி வர 200 மீற்றர் ஓட வேண்டும். ஒரு செக்கனை 15 இலட்சம் பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு நேரம் அதற்குப் போதும். அந்த நேரத்தை அளந்து, பாதியாக்கி, தூரமாகக் காட்டுவதுதான் வேலை. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரைச் செய்தார். ஒன்பதே வருடத்தில், 1969இல், அப்பல்லோ 11இல் போனவர்கள் சந்திரனில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். இன்றைக்கும் பூமியிலிருந்து லேசர் அனுப்பி அதில் பட்டுத் திரும்புவதை அளக்கிறார்கள். சந்திரன் வருடத்துக்கு சுமார் 3.8 சென்றிமீற்றர் நம்மைவிட்டு விலகிப் போகிறது என்று கண்டதும் அப்படித்தான். இதை வகுப்பில் சொன்னால் பின்வாங்குப் பொடியன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தச் சந்திரப் பிரதிபலிப்பானின் தம்பி உங்கள் சைக்கிளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிவப்புக் கண்ணாடியும் வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான். வீதிப் பெயர்ப்பலகையும் வாகன நம்பர் பிளேற்றும் இதே சாதி. கடைக்காரர் காட்டுகிற வித்தையும் இதில்தான் இருக்கிறது. கடை வாசலில் நின்று தூரத்து வீதிப் பலகையைக் குறிபார்த்தால் 700, 800 என்று இலக்கம் பளிச்சென்று விழும். பெட்டியில் போட்டிருக்கிற "1000 யார்" இப்படிப்பட்ட பொருளுக்குத்தான். மரம் என்றால் அது குறையும். விலங்கு என்றால் பாதி, சிலவற்றில் பாதிக்கும் கீழே. மழையில் நனைந்த கறுத்த பன்றி ஒளியைக் குடிக்கும், திருப்பித் தராது. நல்ல கம்பனிகள் பிரதிபலிக்கும் பொருள், மரம், மான் என்று மூன்று தூரத்தையும் தனித்தனியே போடுவார்கள். ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாரும் மீற்றரும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 100 யார் என்பது 91 மீற்றர் சொச்சம்.

இனித் துவக்குக்கு வருவோம். நம் பக்கத்தில் பத்திரத்தோடு இருப்பது பெரும்பாலும் 12 போர் சொட்கன். அதன் சன்னங்கள் போகப் போக விரியும். 35, 40 மீற்றர் தாண்டினால் பன்றியை விழுத்துவதைவிடக் காயப்படுத்தி விரட்டுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காயப்பட்ட பன்றி அடுத்த நாள் புல்லு வெட்டப் போகிறவருக்குப் பற்றைக்குள் காத்திருக்கும். ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு தூரம். 30 மீற்றருக்குள்ளா, வெளியிலா? அதை அறிய ஆசிரியர் சம்பளத்தில் ஒரு மாதத்தை விழுங்குகிற கருவியா வேண்டும்? மலை நாட்டில் ரைபிளோடு 300 மீற்றரில் சுடுகிறவனுக்கு 20 மீற்றர் பிழைத்தால் ரவை எங்கேயோ போய்விடும், அவனுக்கு இது வேண்டும். மேல் கீழ்ச் சரிவைக் கணக்குப்போட்டுத் தருகிற வசதிக்கும் அவன் கூடுதல் காசு கொடுப்பான். படுவான்கரை வட்டையில் வரம்பைவிட உயரமாக இருப்பது வாடியும் பரணும்தான். அந்தச் சரிவுக் கணக்கு நமக்கு எதற்கு?

"இல்ல சேர், கண் மதிப்பு இரவில பிழைக்குது" என்று ஒரு காக்கா எழுதியிருந்தார். அவர் சொல்வது முழுக்கச் சரி. வெட்டவெளியிலும் தண்ணீருக்கு மேலும் இடையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது, அதனால் தூரத்தில் உள்ளது கிட்டத் தெரியும். வாவியின் அக்கரை விளக்கைப் பார்த்து "இந்தா, கிட்டத்தானே" என்று தோணி வலித்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அந்த இருட்டில் கருவியும் சும்மா உதவாது. விலை குறைந்தவற்றில் இலக்கம் கறுப்பு எழுத்தில் விழும். இரவில் கறுப்புக்கு மேல் கறுப்பைப் பார்க்க முடியாது. சிவப்பாக ஒளிர்கிற எழுத்து உள்ளதுதான் நமக்குச் சரிப்படும். எவ்வளவு ஒளிர்ந்தாலும், குறிபார்க்க வேண்டிய விலங்கை முதலில் உங்கள் டோர்ச் காட்ட வேண்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் வட்டைக்குப் பொதுவாக ஒன்று வாங்குகிறீர்கள் என்றால், மட்டக்களப்பு மண்ணுக்கு ஏற்றதாகப் பாருங்கள். பெரும்போகம் என்பதே மழைக்காலம். தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஐபிஎக்ஸ் 7 தரம் என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. வாய்க்காலில் விழுந்தால் எடுக்கலாம். அடுத்தது, மழைத்துளியிலும் முன்னால் நிற்கிற நாணல் புல்லிலும் பட்டுத் திரும்புகிற ஒளியை விட்டுவிட்டு, கடைசியாக உள்ள பொருளின் தூரத்தைச் சொல்லும் வசதி. வேட்டைக்கென்று செய்ததில் இது இருக்கும். கொல்ப் விளையாட்டுக்கென்று செய்தது நேர்மாறாக, முன்னுக்கு நிற்கிற கொடிக்கம்பையே பிடிக்கும். இணையத்தில் மலிவாக வருவதில் பல கொல்ப் கருவிகள்தான். வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஏமாந்துபோகாதீர்கள். ஹார்ட்வெயார் கடையில் மேசன்மார் வாங்குகிற சிவப்புப் புள்ளி லேசர் மீற்றர் இன்னொரு சாதி. அறைக்குள் மில்லிமீற்றர் கணக்கில் சரியாகச் சொல்லும். வெயிலில் அதன் புள்ளியைத் தேடவே கண் நோகும்.

பற்றரி விசயத்தையும் பாருங்கள். சில கருவிகளுக்கு சீஆர் 2 என்ற குட்டைப் பற்றரி போட வேண்டும். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அல்லது போன் சார்ஜரிலேயே ஏற்றக்கூடியதாக எடுங்கள். வாங்க முன் ஒரே சோதனை: வீதிப் பலகையை விட்டுவிட்டு, 200 மீற்றர் தள்ளி நிற்கிற கறுத்த மாட்டை ஐந்து தடவை குறிபாருங்கள். ஐந்து தடவையும் ஒரு மீற்றருக்குள் ஒரே இலக்கம் விழுந்தால் எடுக்கலாம். கோடு கோடாய் விழுந்தால் வைத்துவிட்டு ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வாருங்கள். அதால் சூரியனை மட்டும் பார்க்க வேண்டாம், கண் போய்விடும்.

பொதுவில் ஒன்று என்று நான் சொல்லக் காரணம் யானை. ஆசிய யானையின் வேகத்தை அளந்திருக்கிறார்கள், மணிக்கு சுமார் 25 கிலோமீற்றர் வரை. கணக்குப் போட்டால் 100 மீற்றரை 15 செக்கனுக்குள் கடக்கும். சேற்று வரம்பில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, 15 செக்கனில் நீங்கள் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள்? 2019 தொடக்கம் 2023 வரை ஒவ்வொரு வருடமும் இந்த நாட்டில் யானை தாக்கி நூறு பேருக்கு மேல் மௌத்தாகியிருக்கிறார்கள். அதில் வெல்லாவெளி, கிரான், செங்கலடிப் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. யானை வெடி கொளுத்தப் போகிறவர் பெரும்பாலும் "இன்னும் தூரத்திலதான் நிக்குது" என்ற நம்பிக்கையில் போகிறவர். பன்றியில் தூரம் பிழைத்தால் ஒரு தோட்டா நட்டம். யானையில் பிழைத்தால் வீட்டில் உம்மா இருந்து அழ வேண்டியதுதான்.

அதற்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு யானையைக் குறிபார்க்கச் சொல்லவில்லை. நடக்க வேண்டிய வேலை பகலில். வாடியைச் சுற்றி 30 மீற்றரில் நாலு கம்பு, 100 மீற்றரில் நாலு கம்பு. 30க்கு ஒரு சைக்கிள் ரிப்ளெக்டர், 100க்கு இரண்டு. இரவில் டோர்ச் அடித்தால் மின்னும். இரட்டைக் கண்ணுக்கு இந்தப் பக்கம் யானை வந்தால் ஒருவரும் கீழே இறங்குவதில்லை, பரணில் இருந்தபடியே அடுத்த வாடிக்குப் போன் எடுப்பது என்று வட்டவிதானை முன்னிலையில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி ஒன்று இருந்தால் ஒரே நாளில் முழு வட்டைக்கும் கம்பு நட்டுவிடலாம். இல்லையென்றால் டேப் பிடித்து இரண்டு நாள். செலவு ரிப்ளெக்டருக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு மனதில் பாரமாக இருப்பது. இந்தக் கருவி 28 மீற்றர் என்று சொல்லும். அங்கே நிற்பது யார் என்று சொல்லாது. பற்றை அசைந்தது, பன்றியென்று சுட்டேன், கிட்டப் போய்ப் பார்த்தால் மனிசன் என்று இந்த நாட்டில் எத்தனை செய்தி படித்திருக்கிறோம். வாவிக்கரை வயல்களில் இது இன்னும் பயங்கரம். இரவில் இறாலுக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மாடு தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள், வாய்க்கால் மடை திறக்க வருகிற பக்கத்து வயல்காரர் இருக்கிறார். குறி தவறிய சன்னம் சில நூறு மீற்றர் பறக்கும். எழுவான்கரை முஸ்லிம் ஒருவர் சுட்டு, படுவான்கரைத் தமிழ் ஒருவர் விழுந்தால், அல்லது மாறி நடந்தால், அது ஒரு விபத்தாக மட்டும் நின்றுவிடுமா என்பதை நம் வயதில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இலக்கம் கையில் இருக்கிறதென்ற துணிச்சலில் விரல் முந்திக்கொள்ளும் என்பதுதான் என் பயம். முழு உடம்பும் வெளிச்சத்தில் தெரியாமல் யாரும் துவக்கைத் தூக்கவே கூடாது. கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் வைக்கிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவற்றுக்குத் தூரமும் தெரியாது, ஆளும் தெரியாது.

பெரும்போக ஆரம்பக் கூட்டம் வரப்போகிறது. விதைப்புத் திகதி, தண்ணீர்த் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் பேசுவீர்கள். கம்பு நடுகிற திகதியையும் அதிலேயே போட்டுவிடுங்கள். பக்கத்து வட்டைத் தமிழ்ச் சகோதரர்களிடமும் சொல்லுங்கள், யானை அவர்கள் வாடி வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. என்னிடம் 50 மீற்றர் டேப் ஒன்று இருக்கிறது. கணக்குத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பொடியன்கள் நாலு பேரும் வரத் தயார், பகல் சாப்பாடு மட்டும் நீங்கள் பொறுப்பு. சனிக்கிழமை காலைகளில் நான் ஓய்வு. எந்த வட்டை முதலில் என்று கீழே எழுதுங்கள்.